கழுத்து நிற்காத பிள்ளையோடு மலையேறுவது எப்படி?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயது, 11 கிலோ. மூளை முடக்குவாதம், கழுத்து நிற்கவில்லை, எப்போதாவது வலிப்பும் வரும். பிசியோதெரபிக்கு வாராவாரம் காரில் சேலம் போகிறோம். முன்சீட்டில் மடியில் வைத்து, துப்பட்டாவால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். சைல்டு சீட் வாங்கலாமா என்றால், தலை தொங்கிப்போகும், பெத்தவள் மடியைவிடவா என்கிறார் மாமியார்.

பதில்: மாமியார் பாசத்தில் சொல்கிறார். ஆனால் காரில் மடி வேண்டாம் சகோதரி. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நின்றால் அந்த 11 கிலோ பிள்ளை நூறு கிலோவுக்கு மேல் கனத்து முன்னால் பாய்வான், எந்தத் தாயின் கைக்கும் அது அடங்காது, துப்பட்டாவில் கட்டியிருந்தால் உங்கள் உடம்பே அவனை டேஷ்போர்டோடு வைத்து நசுக்கிவிடும்.

கழுத்து நிற்காத பிள்ளைக்குத்தான் சைல்டு சீட் ரொம்பத் தேவை. பின்சீட்டில், காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும்படி மாட்டுகிற வகையாக வாங்குங்கள். மோதினால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் அந்தச் சீட்டே தாங்கிக்கொள்ளும். பையனையும் காரையும் கடைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துப் பார்த்து வாங்குங்கள். மோவாய் நெஞ்சில் படக்கூடாது, பட்டால் மூச்சு அடைக்கும், அதற்கேற்ற சாய்மானம் வேண்டும். தலை பக்கவாட்டில் சரிந்தால் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைக்கலாம். முதுகுக்குப் பின்னாலோ பட்டைக்கு அடியிலோ எதையும் திணிக்காதீர்கள், தலையைச் சீட்டோடு கட்டவே கட்டாதீர்கள். தோள்பட்டையில் பெல்ட்டைக் கிள்ளினால் விரலுக்குச் சிக்கக்கூடாது, அவ்வளவு இறுக்கம்.

மலை இறங்கும்போது அவன் நன்றாகச் சாய்ந்தே இருப்பான். திரும்பி வரும்போதுதான் கவனம். அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியதும் காரின் முன்பக்கம் தூக்கும், பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்துவிடுவான், தலை முன்னால் விழும். அதனால் 20 கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை நீங்களும் பெல்ட் போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். தலை விழுந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிச் சரிசெய்யுங்கள்.

வயிறு முட்ட ஊட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். வலிப்புக்கு டாக்டர் தந்த மருந்து டிக்கியில் இருக்கக்கூடாது, கைப்பையில் இருக்கட்டும். வலிப்பு வந்தால் காரை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

அப்புறம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-லேயே சட்டம் வந்துவிட்டது, வீட்டில் பேசும்போது இதையும் சொல்லிப் பாருங்கள். சீட் வாங்கியதும் முதல் தடவை சேலம் போகும்போது பிசியோதெரபிஸ்டைக் கார் வரைக்கும் வரச் சொல்லிக் கேளுங்கள், பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, துண்டை எங்கே வைக்கலாம் என்று அவரே காட்டித் தருவார்.