மிளகாய் நெடி தெரிகிறது, கருவாட்டு மணம் தெரியவில்லை

கேள்வி: எனக்கு 52 வயது. பாம்பனில் கருவாடு வாங்கி விற்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் கடுமையான சளிக்காய்ச்சல் வந்தது. அது போனதிலிருந்து எந்த மணமும் தெரியவில்லை. சாப்பாடு சக்கை மாதிரி இருக்கிறது. மிளகாய் வறுத்தால் மட்டும் தும்மல் வருகிறது. அதனால் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை என்கிறார் வீட்டுக்காரர். பேரன் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவனைத் தூக்கினால் அழுகை வருகிறது. இது சரியாகுமா?

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. தும்மலை வைத்து மூக்குக்கு நற்சான்று கொடுக்க முடியாது. மணம் வேறு, நெடி வேறு. மணத்தை அறிவது மூக்கின் உள்ளே மேற்கூரையில் இருக்கும் சின்னஞ்சிறு சவ்வு. அங்கிருந்து நரம்பிழைகள் சல்லடை போன்ற எலும்பின் வழியாக மூளைக்குப் போகின்றன. முண்டு மிளகாய் வறுக்கும்போது வரும் காட்டத்தை அறிவது, முகத்தின் வலியையும் எரிச்சலையும் சொல்லும் வேறொரு நரம்பு. முன்னது பழுதானாலும் பின்னது வேலை செய்யும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். சளிக் கிருமிகள் அந்தச் சவ்வைத் தாக்குவது சகஜம். கொரோனாவுக்குப் பிறகு இதைச் சொல்லி வருகிறவர்கள் அதிகம்.

சாப்பாட்டுக் கதையும் இதே கதைதான். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் மீன்சாறு, கறிச்சாற்றில் இருக்கும் உமாமி. மற்றதெல்லாம் மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகும் மணம். வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுப் பார்க்கட்டும். வெறும் இனிப்பு, சீனியா கருப்பட்டியா என்றே தெரியாது. கையை எடுத்ததும் கருப்பட்டி வந்துவிடும். நீங்கள் எட்டு மாதமாக மூக்கைப் பொத்தியபடிதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ருசி தேடி உப்பை அள்ளிப் போடாதீர்கள், ரத்தக் கொதிப்பில் போய் நிற்கும். புளி, மிளகு, இஞ்சி, நொறுங்கும் அப்பளம் என்று நாக்குக்கும் பல்லுக்கும் வேலை கொடுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பசி குறைந்து மெலிகிறவர்களும் உண்டு.

பேரனைப் பற்றி எழுதியதைத்தான் இரண்டு முறை படித்தேன். பிள்ளையை உச்சி முகர்வது என்கிறோம், முத்தமிடுவதை விட அது ஒரு படி நெருக்கம். மணத்தின் நரம்புக்கு மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கிற இடங்களோடு நேரடித் தொடுப்பு உண்டு. அது அறுந்தால் மனம் சோர்வது இயல்பு, பைத்தியமல்ல. தன் மேல் வியர்வை நாறுமோ என்று பயந்து விசேஷ வீடுகளுக்கே போகாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொழிலுக்கு வருவோம். கருவாட்டை மருமகளோ பக்கத்துக் கடைக்காரரோ மோந்து பார்க்கட்டும், வெட்கம் வேண்டாம். நீங்கள் கண்ணையும் விரலையும் நம்புங்கள்: இளஞ்சிவப்புப் படலம், பிசுபிசுப்பு, பூஞ்சைப் புள்ளி இருந்தால் தள்ளுங்கள். பச்சை மீனில் கண் தெளிவு, செவுளின் சிவப்பு, அமுக்கினால் மேலெழும் சதை. சூரை, கானாங்கெளுத்தி ஐஸ் இல்லாமல் கிடந்திருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் நல்ல மூக்குக்கும் பிடிபடாமல் போகலாம், கொதிக்க வைத்தாலும் போகாது.

வீட்டில் கேஸ் கசிவுதான் பெரிய பயம். எரிவாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது, நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். உங்களுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். கசிவைக் காட்டும் அலாரம் ஒன்று வாங்கித் தரைக்குச் சற்று மேலே மாட்டுங்கள். இந்த வாயு காற்றை விடக் கனம், கீழேதான் தேங்கும். சந்தேகம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

சரி, வைத்தியம். ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே சதை வளர்ந்திருந்தால் அதற்குத் தனி மருந்து. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தக் கசிவு, தலையில் அடி, கை நடுக்கம் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. எதுவும் இல்லையென்றால் மோப்பப் பயிற்சி. ஜெர்மனியில் 2009-இல் முறையாகச் சோதித்துப் பார்த்த எளிய முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நாலு மணம். காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றையும் 20 நொடி மெல்ல மோந்து, பழைய மணத்தை மனதில் கொண்டுவர வேண்டும். நாலு மாதமாவது விடாமல் செய்யுங்கள். மூக்கில் எண்ணெயோ தைலமோ விட வேண்டாம்.

முழுதும் திரும்பும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சளிக்காய்ச்சலால் போனது ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் பலருக்குத் திரும்பியிருக்கிறது. நடுவில் காப்பி கருகிய ரப்பர் போலவும் வெங்காயம் சாக்கடை போலவும் நாறலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள், நரம்பு மறுபடி முளைக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் தாறுமாறாகத் தொடங்கும்.