கிற்றார் கூடவா, குறைவா?

அன்புள்ள அண்ணா,

நாங்கள் கொட்டாஞ்சேனையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஹார்ட் ரொக் பேண்ட் நடத்துகிறோம். தமிழில்தான் பாடுகிறோம். ட்ரம்ஸை மட்டும் வாடகைக்கு எடுத்த ஜாம் ரூமில் நான்கு மைக் வைத்து ரெக்கோர்ட் செய்தோம். மற்றதெல்லாம் என் அறையில். கிற்றாரை ஒருதரம் மட்டும் ரெக்கோர்ட் செய்து, அதையே கொப்பி பண்ணி இடமும் வலமும் போட்டேன். அகலமாகக் கேட்கும் என்று சொன்னார்கள் என்பதால் ஒரு பக்கத்தை 15 மில்லிசெகண்ட் தள்ளிவைத்தேன். இரவில் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து மிக்ஸ் பண்ணினேன். வாட்ஸ்அப்பில் போட்டால் சிநேகிதர்கள் நெருப்புப் படம் போடுகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் கிற்றார்காரன் கிற்றார் மெலிந்துபோய்க் கிடக்கிறது என்கிறான். பாடுபவன் கிற்றார் தன்னை விழுங்குகிறது என்கிறான். ட்ரம்ஸ்காரனுக்குக் கிக், அதாவது காலால் அடிக்கிற பெரிய ட்ரம், கேட்கவே இல்லையாம். நான் யாரை நம்புவது? பாட்டை இணைத்திருக்கிறேன்.

*

அன்புள்ள தம்பி,

மூன்று பேரையும் நம்பலாம். ஆனால் யார் எதில் கேட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவர்களிடம் கேட்கவும் இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் பாட்டை முதலில் ஹெட்போனில் கேட்டேன். கிற்றார் மதில் மாதிரி நின்றது. அப்புறம் சமையலறையில் கிடக்கும் ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் போட்டேன். மதிலைக் காணோம், தகரம்தான் மிச்சம். காரணம் அந்த 15 மில்லிசெகண்ட். இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போகும்வரை அது அகலம். ஒரே ஸ்பீக்கரில் இரண்டும் கலந்ததும் ஒன்றை ஒன்று தின்னத் தொடங்குகிறது. கணக்குப் போட்டால் 33, 100, 167 ஹேர்ட்ஸ் (அதிர்வெண்) என்று ஏறக்குறைய 67 ஹேர்ட்ஸுக்கு ஒரு பள்ளம், அதாவது சத்தம் விழுந்துபோகிற இடம், மேலே வரைக்கும். கிற்றாரின் உடம்பு இருக்கிற இடத்திலேயே இத்தனை பள்ளம். உங்கள் கிற்றார்காரர் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டிருப்பார், பாடகர் இயர்போனில் கேட்டிருப்பார். பந்தயம் கட்டுகிறேன்.

கொப்பியைத் தூக்கிவிட்டு, அதே பகுதியை இரண்டாவது தடவை கையால் வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்று இடம், ஒன்று வலம். இரண்டு வாசிப்புக்கும் நடுவில் விழுகிற சின்னச் சின்ன வித்தியாசம்தான் உண்மையான அகலம். வாசிக்கும்போது கெயினை, அதாவது அம்பில் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற குமிழை, இப்போது இருப்பதில் பாதிக்கு இறக்குங்கள். அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. ஏசி/டிசி என்ற ஹார்ட் ரொக் பேண்டின் கிற்றார்காரர் மால்கம் யங் கெயினைக் குறைவாக வைத்தே வாசித்தவர். அந்தக் கிற்றாரைச் சின்னது என்று யாரும் சொன்னதில்லை. கெயின் கூடினால் தந்தியை அடிக்கிற கூர்மை மழுங்கி எல்லாம் ஒரே இரைச்சலாகிறது. இரண்டு ட்ராக் சேரும்போது அது இரட்டிப்பாகத் தெரியும்.

பாடகரின் முறைப்பாட்டுக்கும் மருந்து பாதி இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் அவர் பாடுவது ‘கடல்’ என்றா ‘உடல்’ என்றா என்று நான்கு தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த ‘க’வைக் காதுக்குக் காட்டிக்கொடுக்கும் வெடிப்பு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. டிஸ்டோர்ஷன் போட்ட (கரகரப்பாக்கிய) கிற்றாரும் அங்கேதான் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. பாட்டு வருகிற இடங்களில் மட்டும் கிற்றாரை அந்த இடத்தில் 2, 3 டெசிபெல் வெட்டிப் பாருங்கள். குரலை மேலே ஏற்ற வேண்டி வராது.

கிக் விஷயம் சுருக்கமானது. ட்ரம்ஸ்காரர் ஃபோனில் கேட்டிருப்பார். கிக்கின் அடிச் சத்தம் இருக்கிற 60 ஹேர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் கொண்டுவர முடியாது. கிக்கை அடிக்கிற சுத்தியல் (பீட்டர்) தோலில் படுகிற ‘டக்’ 3, 4 கிலோஹேர்ட்ஸில் கொஞ்சம் எழும்பினால் ஃபோனிலும் கிக் இருப்பது தெரியும்.

என் கதையையும் சொல்கிறேன். வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருந்தபோது எனக்குப் பத்தடிக்குப் பத்தடி அறை, நாலு பக்கமும் கொங்கிரீட். கொழும்பு வெக்கையில் மின்விசிறிக்கு நேர் கீழே, அறையின் நட்டநடுவில் கதிரையைப் போட்டு மிக்ஸ் பண்ணினேன். பேஸ் (அடிச் சத்தம்) போதவில்லை, ஏற்றினேன். இன்னும் போதவில்லை, இன்னும் ஏற்றினேன். சுவரோரக் கட்டிலில் இருந்து உளுந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ‘ஏன்டா இப்படி நெஞ்சில இடிக்குது?’ என்றார். அம்மாவுக்கு ரொக் பிடிக்காது, அதனால் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். பிறகு சிநேகிதனின் காரில் போட்டபோது கதவெல்லாம் அதிர்ந்தது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவில் ஏறக்குறைய 56 ஹேர்ட்ஸில் ஒரு நிலையலை, அதாவது சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி ஓரிடத்திலேயே நிற்கிற ஒலியலை, உண்டாகிறது. அறை நடுவில் அது கிட்டத்தட்டக் காணாமல் போகிறது, சுவரோரம் குவிகிறது. நான் இருந்தது பள்ளத்தில், அம்மா இருந்தது மேட்டில். மிக்ஸைப் பற்றி எனக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே சரியான அபிப்பிராயம் அது.

அம்மா ‘பேஸைக் குறை’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நெஞ்சில் இடிக்கிறது என்றுதான் சொன்னார். கேட்பவர் வலியைச் சரியாகவே சொல்வார், மருந்தைத்தான் அநேகமாகத் தப்பாகச் சொல்வார். ‘கிற்றாரைக் கூட்டு’ என்றால் கூட்டிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்கிற விதத்தையும் மாற்ற வேண்டும். ‘எப்படி இருக்கு மச்சான்?’ என்றால் நெருப்புப் படம்தான் வரும், வேறென்ன போடுவான் பாவம்? எதில் கேட்டாய், எந்த இடத்தில் வொலியூமில் கை போனது என்று கேளுங்கள். பாட்டை முன்பின் கேட்டிராத ஒருவரிடம் ஒரு சரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கே தப்பாக எழுதுகிறாரோ அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. வேறொரு பேண்டின் பாட்டோடு ஒப்பிட்டுக் காட்டுவதானால் முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் சத்தம் கூடினதுதான் ஜெயிக்கும்.

இரவில் மெதுவாக வைத்து மிக்ஸ் பண்ணுவதைப் பற்றியும் ஒன்று. சத்தம் குறையும்போது நம் காது பேஸை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் இரவில் எடுத்த பேஸ் முடிவுகளை அடுத்த நாள் பகலில், சாதாரணமாகப் பேசுவதைவிடக் கொஞ்சம் கூடுதலான சத்தத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

ட்ரம்ஸ் ரெக்கோர்டிங் நன்றாக வந்திருக்கிறது, ஸ்நேரில் (சுள்ளென்று கேட்கிற சின்ன ட்ரம்) கை வைக்காதீர்கள். புதிதாக வாசித்த கிற்றாரோடு திருப்பி அனுப்புங்கள். அது கடலா உடலா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.