அல்ஜீப்ரைக் சைக்கிள்களுக்கும் எல்-சார்புகளுக்கும் என்ன உறவு? எளிமையாகச் சொல்ல முடியுமா?

எனக்கு இது புரிய ஆரம்பித்த இடம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு காலி மனை. அப்பா கொத்தனார். வாணம் தோண்டுமுன் கயிறு கட்டி மூலை மட்டம் பார்ப்பார்: ஒரு பக்கம் மூணடி, மறுபக்கம் நாலடி, குறுக்கே அஞ்சடி வந்தால் மூலை சரி. அந்த முக்கோணத்தின் பரப்பு 6 சதுர அடி.

அப்போது நான் புதுச்சேரியில் எம்.எஸ்சி. கணிதம். லீவில் வந்தபோது கேட்டேன்: "பரப்பு சரியா 5 வர்ற மாதிரி மூலை மட்டம் வைக்க முடியுமாப்பா? பக்கமெல்லாம் முழு எண்ணாவோ பின்னமாவோ இருக்கணும்." விடையையும் நானே சொன்னேன்: 3/2, 20/3, 41/6. அவர் உடனே டேப் கணக்குக்கு மாற்றினார்: ஒன்றரை அடி, ஆறடி எட்டங்குலம், ஆறடி பத்தங்குலம். வைத்துப் பார்த்தால் மூலை கச்சிதமாக உட்கார்ந்தது. "சரி, 1 வருமா?" என்றார். வராது. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா நிரூபித்துவிட்டார்.

எந்த எண் வரும், எது வராது? உங்கள் கேள்வியின் கரு இதுதான்.

பரப்பு 5 வேண்டுமென்றால், ஒரு முழு எண்ணின் அல்லது பின்னத்தின் கனத்திலிருந்து அதன் 25 மடங்கைக் கழித்து, வருவது ஒரு பின்னத்தின் வர்க்கமா என்று பார்க்க வேண்டும் (பூச்சியம் கணக்கில் சேராது). −4-ஐப் போடுங்கள்: −64 + 100 = 36, ஆறின் வர்க்கம். (−4, 6) என்ற இந்தப் புள்ளியிலிருந்துதான் மேலே சொன்ன மூன்று பக்கங்களும் வருகின்றன. அது உட்கார்ந்திருக்கும் கோட்டுக்கு எலிப்டிக் வளைவரை என்று பெயர்.

எல்-சார்பு இந்தப் புள்ளியைத் தேடுவதே இல்லை. ஒவ்வொரு பகா எண்ணாக எடுத்து, அதால் வகுத்த மீதிகளை மட்டும் வைத்து, அதே சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வு என்று எண்ணும். 13-க்குக் கையாலேயே எண்ணலாம், எண்ணிப் பாருங்கள். சராசரியாக 13 வர வேண்டிய இடத்தில், பரப்பு 5-க்கு 19 வரும். பரப்பு 1-க்கு வெறும் 7. ஒரு பகா எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். எல்லாவற்றையும் ஒரே பெருக்கலாகக் கோத்தால் கிடைப்பது எல்-சார்பு. தீர்வுகள் கூடக் கூட, அதன் மாறிக்கு 1-ஐப் போட்டால் வரும் மதிப்பு பூச்சியத்தை நோக்கிச் சரியும். (பெருக்கல் அங்கே ஒரு மதிப்பில் நிலைக்கும் என்ற உறுதி இல்லை, சார்பை நீட்டித்துத்தான் மதிப்பு காண வேண்டும்.) பரப்பு 1-க்கு அந்த மதிப்பு சுமார் 0.6555. பரப்பு 5-க்குப் பூச்சியம்!

பிர்ச்சும் ஸ்வின்னர்ட்டன்-டயரும் 1960-களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜின் எட்சாக்-2 கணினியில் இப்படி எண்ணித்தான் தங்கள் ஊகத்துக்கு வந்தார்கள்: அந்தப் பூச்சியம் எத்தனையாம் வரிசையோ (மதிப்பு மட்டும் பூச்சியமானால் முதல் வரிசை; வகைக்கெழு, அதாவது மாறும் வேகமும் பூச்சியமானால் இரண்டாம் வரிசை, இப்படி), அத்தனை சார்பற்ற புள்ளிகள் (ஒன்றிலிருந்து மற்றொன்றைச் செய்ய முடியாதவை).

1986-இல் கிராஸ், ஸாகியர் இருவரும் நிரூபித்தது என்னை இன்றும் உலுக்குகிறது. 1-இல் எல்-சார்பின் வகைக்கெழு, ஹீக்னர் புள்ளி என்ற ஒரு குறிப்பிட்ட புள்ளியின் உயரத்தோடு நேர்விகிதத்தில் இருக்கிறது. உயரம் என்றால், ஏறக்குறைய அந்தப் புள்ளியை எழுத எத்தனை இலக்கம் வேண்டும் என்ற அளவு. பரப்பு 157-க்கு ஸாகியர் ஹீக்னர் புள்ளி வழியாக முக்கோணத்தைக் கண்டுபிடித்தார். அதன் கர்ணத்தில் தொகுதி மட்டுமே 48 இலக்கம். தேடிப் பிடிக்கும் சமாச்சாரமா அது!

சரி, சைக்கிள் எங்கே வந்தது? புள்ளிதான் மிகச் சிறிய சைக்கிள். பரிமாணம் கூடினால் வளைவரைகள், பரப்புகள். இதில் இரண்டு மடங்கு கூட்டி, அதில் ஒரு மடங்கு கழித்து என்று முழு எண் கெழுக்களோடு சேர்த்தால் அதுதான் அல்ஜீப்ரைக் சைக்கிள். இடவியலின் (நெளித்தாலும் மாறாத வடிவப் பண்புகளைப் பார்க்கும் கணிதம்) கண்ணுக்குத் தெரியும் சைக்கிள்களை எல்-சார்பின் துருவங்கள் (அதன் மதிப்பு முடிவிலிக்குப் போகும் இடங்கள்) எண்ணும் என்பது டேட்டின் ஊகம். இடவியலுக்குப் பூச்சியமாகத் தெரியும் நுட்பமானவற்றை, நடுப்புள்ளியில் (எலிப்டிக் வளைவரைக்கு அது 1) வரும் பூச்சியத்தின் வரிசை எண்ணும் என்பது பெய்லின்சன்–பிளாக் ஊகம்.

எலிப்டிக் வளைவரையில் பூச்சியம் இல்லாமலோ முதல் வரிசையிலோ இருந்தால், கொல்யவாகின் நிரூபித்ததையும் சேர்த்து, சார்பற்ற புள்ளிகளின் எண்ணிக்கை பொருந்துவது உறுதியாகிவிட்டது. இரண்டாம் வரிசையில்தான் இருட்டு. பரப்பு 34 அப்படி ஒன்று: 24, 17/6, 145/6. இருபத்துநாலடி, இரண்டடி பத்தங்குலம், இருபத்துநாலடி இரண்டங்குலம். அப்பாவின் டேப்பில் இதுவும் உட்காரும். ஆனால் இது தேடிக் கிடைத்தது. எல்-சார்பின் இரட்டைப் பூச்சியத்திலிருந்து இப்படிப்பட்ட புள்ளிகளைச் செய்து எடுக்கும் பொதுவழி இன்னும் யாரிடமும் இல்லை.