பீரோ சாவி உங்கள் கையில் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 46 வயது. தென் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊர் பெயர் வேண்டாம். மகளுக்கு 23, நர்சிங் முடித்து டவுனில் வேலை பார்த்தாள். மகனுக்கு 20, பாலிடெக்னிக் படிக்கிறான். மகள் கூடப் படித்த ஒரு பையனை நான்கு வருடமாக விரும்புகிறாள். பட்டியல் சாதிப் பையன், கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன்பு விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. அன்றோடு அவள் வேலை நின்றது, போனை மகன் வாங்கி வைத்துக்கொண்டான். நாத்தனார் மகனுக்கு முடிப்பதென்று பேசிவிட்டார்கள், வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். “நீதான் அவ மனச மாத்தணும், விஷம் குடிச்சிருவேன்னு சொல்லு” என்று என் வீட்டுக்காரர் என்னை வற்புறுத்துகிறார். ஒரு நாள் ராத்திரி திண்ணையில் அவருடைய அண்ணன் பேசியது என் காதில் விழுந்தது: “காலம் பூரா தலைகுனியிறதுக்கு ரெண்டு நாள் அழுதுட்டு எந்திரிச்சிரலாம்.” அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மகன் எப்போதும் சாதி சங்க வீடியோக்களை ஸ்டேட்டஸ் வைக்கிறவன், இப்போது என்னிடம்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

போன வாரம் என் கொழுந்தன் வந்து, “அந்தப் பையன வரச் சொல்லு, உக்காந்து பேசி முடிச்சிருவோம்” என்றார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. மகளுக்குப் பிடித்த மீன் குழம்பெல்லாம் வைக்கச் சொல்கிறார்கள். மனம் இறங்கிவிட்டார்கள் என்று அவள் நம்புகிறாள். என்னால் நம்ப முடியவில்லை.

அவள் சான்றிதழெல்லாம் பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம்தான். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகும் ஒன்றரை மணி நேரம்தான் நான் தனியாக இருப்பது. இந்தக் கல்யாணத்தில் எனக்கு முழுச் சம்மதம் என்று சொன்னால் பொய். ஆனால் என் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும். போலீஸுக்குப் போனாலும் ஒன்றும் ஆகாது, சட்டமெல்லாம் வராது, எல்லாக் கட்சியிலும் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறார் வீட்டுக்காரர். நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சந்தேகம் சரி. இந்த அமைதியை நம்பாதீர்கள்.

சத்தம் போடுகிற வீட்டில் ஆபத்து உண்டு. சத்தம் போட்டுவிட்டுத் திடீரென்று அடங்கிப்போன வீட்டில் ஆபத்து அதிகம். முடிவு எடுக்காதவரைதான் மனிதர்கள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், பட்டினி கிடப்பார்கள். “வரச் சொல்லு, பேசி முடிச்சிருவோம்” என்ற பேச்சோடு சேர்ந்து அமைதி வந்தால், அந்தப் பையனை எங்கே, எப்போது தனியாகப் பிடிக்கலாம் என்று யாரோ கணக்குப் போடுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொறியாளர் கவின் கொல்லப்பட்டதை நினைத்துப் பாருங்கள். வீட்டில் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லித்தான் அவர் விரும்பிய பெண்ணின் சகோதரர் அவரை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார் என்பது குற்றச்சாட்டு. எனவே முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தப் பையனை. உங்கள் வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும், உங்கள் மகளின் எண்ணிலிருந்தே செய்தி வந்தாலும், அவர் ஊர்ப் பக்கம் வரக்கூடாது. மகளின் போன் மகனிடம் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லிவிடுங்கள். வேலை நேரம், தங்கியிருக்கும் அறை, வழக்கமாகப் போகும் பாதை ஆகியவற்றை அவர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னும் சில அறிகுறிகளைச் சொல்கிறேன். குலதெய்வக் கோயிலுக்கு, தோட்டத்து வீட்டுக்கு, தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு என்று மகளை மட்டும் அழைத்துப் போகப் பேச்செடுப்பது. உங்களை இரண்டு நாள் உங்கள் தாய் வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பது. “அவளுக்கு மனசு சரியில்ல, எதாவது பண்ணிக்கிருவா போல” என்று ஊருக்குள் முன்கூட்டியே சொல்லி வைப்பது. கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசமான அறிகுறி. இந்த ஆணவக் கொலைகளில் பல, தற்கொலை என்ற பெயரில் முடிக்கப்படுகின்றன. 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது ரயில் தண்டவாளத்தில். அவர் செய்ததெல்லாம் கூடப் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தது. இந்த அறிகுறிகளில் ஒன்றைப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமை வரை பொறுக்காதீர்கள், உடனே 112-க்கு அழையுங்கள்.

விஷம் குடிப்பேன் என்று மகளிடம் சொல்லாதீர்கள். அதைச் சொன்ன நொடியிலிருந்து அந்த வீட்டில் அவள் நம்பிப் பேச ஒருவரும் இல்லாமல் போவார்கள். பிறகு அவளுக்கு ஆபத்து வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரரிடம் “நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லி நாளைக் கடத்துங்கள். இந்தக் கல்யாணத்தை நீங்கள் மனதார ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெண்ணைக் காப்பாற்ற மருமகனைப் பிடித்திருக்க வேண்டியதில்லை.

இப்போது பீரோ. ஆதார், பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், நர்சிங் பட்டம், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று, பேங்க் பாஸ்புக், பாஸ்போர்ட் இருந்தால் அதுவும். கவுன்சில் பதிவு இல்லாமல் வேறு ஊரில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைக்காது, அதை மறக்காதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். சந்தைக்குப் போகும்போது இரண்டிரண்டாகப் பையில் வைத்துக்கொண்டு போய், ஜெராக்ஸ் எடுத்து, அசலை உங்கள் வீட்டாரோடு ஒட்டுறவு இல்லாத ஒரு பெண்ணிடம் கொடுத்து வையுங்கள். அவளோடு வேலை பார்த்த தோழியாக இருக்கலாம். காலி உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

நகையைத் தொடாதீர்கள். பெண் வீட்டைவிட்டுப் போனதும் அப்பாக்கள் கொடுக்கும் புகார்களில் “பவுனோடு ஓடிவிட்டாள்” என்பது வழக்கமானது. அதில் பையனையும் திருட்டு வழக்கில் இழுத்துவிடுவார்கள். அவள் போட்டிருக்கும் தோடு, செயினைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

ஆதாரில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா எண் என்றால் அவள் பேங்கிலோ வேலையிலோ ஆதாரைக் காட்டும்போது ஓடிபி அவருக்குப் போகலாம், அவள் இருக்கும் இடத்துக்குத் துப்புக் கிடைத்துவிடும். வெளியே வந்த பிறகு ஆதார் மையத்தில் கைரேகை வைத்தே எண்ணை மாற்றலாம். அவளுடைய கூகுள் கணக்கு இப்போது தம்பி கையில் திறந்து கிடக்கிறது. புது போனில் அந்தப் பழைய கணக்கைப் போட்டால் லொகேஷன், போட்டோ எல்லாம் அவனுக்கும் போகும். புது சிம், புது மின்னஞ்சல், எல்லாமே புதிது என்று இருக்கட்டும்.

சட்டம் இல்லை என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். 23 வயதுப் பெண்ணை மூன்று வாரம் வெளியே விடாமல் வைத்திருப்பதே குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவின்படி பத்து நாளோ அதற்கு மேலோ அடைத்து வைத்தால் ஐந்து ஆண்டுவரை சிறை. கட்டாயக் கல்யாணத்துக்காக ஒரு பெண்ணைக் கடத்தினால், 87-ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுவரை. குடும்ப வன்முறைச் சட்டம் புருஷன்மாருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பா, அண்ணன் தம்பி மீதும் அது பாயும். விரும்பாத கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்துவது, விரும்பியவரைக் கட்ட விடாமல் தடுப்பது இரண்டையும் மனரீதியான வன்முறை என்று அந்தச் சட்டத்தின் விதிகளில் உள்ள படிவமே சொல்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தால், சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும்.

போலீஸ் விஷயத்தில் காரியம் கெட்டுப்போவது எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர் ஸ்டேஷனில் “ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பேசுவோம்” என்பார்கள். சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள், அம்மா காலில் விழுவார், எழுதி வாங்கிக்கொண்டு பெண்ணை அனுப்பிவிடுவார்கள். அதனால் உள்ளூர் ஸ்டேஷன் வேண்டாம். எஸ்.பி. அலுவலகம் போகட்டும், இல்லையென்றால் வேறு மாவட்டத்து மகளிர் காவல் நிலையம். எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும், எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. “நான் வயது வந்தவள், என் விருப்பப்படி வெளியேறினேன், யாரும் கடத்தவில்லை, இன்னார் இன்னாரால் உயிருக்கு ஆபத்து” என்று தேதி போட்டு, மிரட்டிய வார்த்தைகளை அப்படியே எழுதி, எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அவள் வெளியேறும் அன்றே அனுப்ப வேண்டும். பிறகு “காணவில்லை” என்றோ “கடத்தல்” என்றோ புகார் வந்தாலும் அந்தக் கடிதம் முன்னால் நிற்கும். திண்ணையில் கேட்ட பேச்சை, அன்றைய தேதியோடு, நீங்களும் ஒரு தாளில் எழுதி அந்தத் தோழியிடம் கொடுத்து வையுங்கள்.

சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் கொல்லப்பட்ட உசிலம்பட்டி விமலாதேவியின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது: மாவட்டம்தோறும் எஸ்.பி., சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட தனிப் பிரிவு வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டத்தில் பாதுகாப்பு இல்லம் அமைப்பதை மாநிலங்கள் பரிசீலிக்க வேண்டும் என்றது. கல்யாணம் ஆகாத ஜோடியும் அங்கே தங்கலாம். முதலில் ஒரு மாதம், ஆபத்தைப் பொறுத்து ஒரு வருடம் வரை. இந்த இரண்டு தீர்ப்பின் பெயரையும் மனுவில் எழுதிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்கிறவர்களை ‘குடும்ப விவகாரம்’ என்று திருப்பி அனுப்புவது கடினம். முதல் சில நாள்களுக்கு ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மகள் தங்கலாம், பெண்கள் உதவி எண் 181 மூலமாகவே ஏற்பாடு செய்வார்கள்.

வெளியேறவே முடியாமல் போனால், அந்தப் பையனோ அவருடைய நண்பரோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போடலாம், அடைத்து வைத்தவரை நீதிபதி முன் நிறுத்தச் சொல்லும் மனு அது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100, இலவச சட்ட உதவி. ஆனால் மகளிடம் இன்றே ஒன்றைச் சொல்லி வையுங்கள். நீதிபதி முன் நிறுத்தும்போது பின்னால் அப்பாவும் பெரியப்பாவும் நிற்பார்கள். பல வாரம் அழுத்தத்தில் இருந்த பெண்கள் அங்கேதான் “வீட்டுக்கே போறேன்” என்று சொல்லிவிடுகிறார்கள், மனு அதோடு முடிந்துபோகிறது. “ஐயா, தனியாகப் பேச வேண்டும்” என்று அவள் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் நீதிபதிகள் அறைக்கு அழைத்து விசாரிப்பார்கள்.

பிடிவாதமாகத் தாலி கட்டிவிட்டாலும் கதவு மூடவில்லை. இந்து திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவில், கட்டாயத்தால் நடந்த கல்யாணத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். கட்டாயம் நீங்கிய ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும், அதன்பின் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. அந்த வழக்கில் உங்கள் சாட்சி பெரிது.

அவர்கள் கல்யாணம் செய்வதானால், சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பைப் பெயரோடும் முகவரியோடும் அலுவலகத்தில் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் பல வீடுகளுக்குத் தகவல் போகிறது. இருவரும் இந்துக்கள் என்றால், தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். வழக்கறிஞர்களும் தனிப்பட்ட முறையில் அதை நடத்திவைக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 90 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். கல்யாணம் முடிந்தால் ஆபத்து தீர்ந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்த உடுமலைப்பேட்டை சங்கர், கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து, 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில் பஸ் நிலையம் அருகே வெட்டப்பட்டார்.

உங்கள் மகனைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். பெரியவர்கள் திண்ணையில் பேசுவார்கள், அரிவாளை இருபது வயதுக்காரன் கையில் கொடுப்பார்கள். அவனோடு சாதியைப் பற்றி வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். மகளைப் பற்றி எந்தத் தகவலும் அவனிடம் சொல்லாதீர்கள். ஆனால் அவனுக்குச் சோறு போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். “உன்னை ஜெயிலில் பார்க்க என்னால முடியாதுடா” என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அவன் மதிக்கிற வாத்தியாரோ உங்கள் தம்பியோ இருந்தால், அவனை ஒரு மாதம் வெளியூரில் வேலையிலோ பயிற்சியிலோ சேர்த்துவிடச் சொல்லுங்கள். காப்பாற்ற வேண்டியவர்கள் பட்டியலில் அவனும் இருக்கிறான்.

எல்லாக் கட்சியிலும் நம்ம ஆட்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். அதில் கசப்பான உண்மை உண்டு. ஆணவக் கொலைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 242-ஆவது அறிக்கையில் வரைவோடு எழுதிக் கொடுத்தது 2012-இல். ராஜஸ்தான் சட்டமன்றம் 2019-இல் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இங்கே கவின் கொலைக்குப் பிறகு, 2025 அக்டோபர் 17 அன்றுதான், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓட்டுக் கணக்குப் பார்த்து இத்தனை வருடம் தள்ளிப்போட்டார்கள் என்றே நான் சொல்வேன். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் பிள்ளைகள் உயிரால் விலை கொடுத்தார்கள். தனிச் சட்டம் எதற்கு என்றால், கொலைக்கு முன்னால் நடப்பவற்றுக்காக: வீட்டில் அடைப்பது, உறவுக்காரர்கள் கூடி முடிவெடுப்பது, வேலையை நிறுத்துவது. இவற்றைச் சேர்த்து ஒரே குற்றமாகப் பார்க்க ஸ்டேஷனுக்கு இன்று வழி இல்லை.

ஆனால் கட்சிக்காரர் காப்பாற்றுவார் என்று அவர் நம்பினால், விருத்தாசலம் அருகே 2003-இல் சாதி மாறி மணந்த கண்ணகியும் முருகேசனும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்ட வழக்கைச் சொல்லுங்கள். 18 வருடம் கழித்து, 2021-இல் தண்டனை வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கைத் திரித்த காவல் அதிகாரிகள் இருவரும் அந்தக் குற்றவாளிகளில் உண்டு. ஊரே கூடி நின்று பார்த்த கொலையில் கண்ணகியின் அண்ணனும் அப்பாவும் ஜெயிலுக்குப் போனார்கள். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். வீட்டுக்காரர் தனியாக, நிதானமாக இருக்கும்போது சொல்லுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை சந்தையில் காய்கறிக் கடை அக்காவிடமோ மருந்துக் கடையிலோ போன் வாங்கி 181-க்கு அழையுங்கள். உங்கள் போனில் வேண்டாம். மகளின் வயது, எத்தனை நாளாக அடைப்பு, முகூர்த்தத் தேதி, திண்ணையில் பெரியப்பா சொன்ன வாக்கியம், இந்த நான்கையும் முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குத் திரும்ப அழைக்க வேண்டாம், அடுத்த வெள்ளி இதே நேரம் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். முகூர்த்தம் அதற்கு முன்பே வந்தால், அந்த அழைப்பிலேயே அதைச் சொல்லி, அன்றைக்கே ஆள் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் போனிலிருந்து அந்த எண்ணை அழித்துவிட்டு, வழக்கம்போல மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.