சொந்தமாக அமைக்கும் ரூட்டருக்கு எந்த வைஃபை கார்டு?

கேள்வி: பழைய மினி பிசியில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான லினக்ஸ்) போட்டு ரூட்டராக்கப் போகிறேன். உள்ளே இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு இருக்கிறது. அது போதுமா, வேறு வாங்க வேண்டுமா?

வேறு வாங்குங்கள். ஏஎக்ஸ்210 லேப்டாப்புக்கு அருமையான கார்டு, ஆனால் அக்சஸ் பாயின்ட்டாக (மற்ற கருவிகள் இணையும் வைஃபை மையமாக) 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் உருப்படியாக ஓடும். எந்த நாட்டு விதிப்படி இயங்குவது என்பதை அதன் ஃபர்ம்வேரே (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) சுற்றியுள்ள சிக்னல்களைக் கேட்டுத் தீர்மானிக்கிறது. அதுவரை 5 கிகாஹெர்ட்ஸில் தானாகப் பேச்சைத் தொடங்காது. நீங்கள் நாட்டுக் குறியீட்டை ஐஎன் என்று வைத்தாலும் பலனில்லை. 'ஐடபிள்யூ லிஸ்ட்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள்: 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களுக்குப் பக்கத்தில் 'நோ ஐஆர்' (தானாக சிக்னல் அனுப்பத் தடை) என்று இருந்தால், அக்சஸ் பாயின்ட்டை நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி நிரல் அங்கே எழும்பாது. ஏஎக்ஸ்201 இன்னும் மோசம். அது சிஎன்விஐ வகை (வைஃபை வேலையில் ஒரு பகுதி போர்டின் சிப்பிலேயே நடக்கும்), அதற்கேற்ற இன்டெல் போர்டு தவிர வேறெதிலும் வேலை செய்யாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பெட்டியில் 'டூயல் பேண்ட்' (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும்) என்று போட்டிருந்தாலும் லேப்டாப் கார்டு ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் அக்சஸ் பாயின்ட்டாக நிற்கும். இரண்டும் ஒன்றாக வேண்டுமானால் இரண்டு கார்டு, அல்லது டிபிடிசி (இரண்டு பேண்டிலும் ஒரே நேரத்தில் இயங்கும்) வசதியுள்ள ஒரே கார்டு. என் தேர்வு மீடியாடெக் எம்டி7915 அல்லது எம்டி7916. இவற்றுக்கான எம்டி76 டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் கேமாட்-எம்டி7915இ (டிரைவர்), கார்டுக்கேற்ற ஃபர்ம்வேர் பேக்கேஜ், டபிள்யூபேட் (ஹோஸ்ட்ஏபிடி அடங்கியது) மூன்றும் போட்டால் போதும். வைஃபை 5 போதும் என்றால் குவால்காம் க்யூசிஏ9880 இன்றும் நம்பலாம்.

வாங்குமுன் மினி பிசியில் கார்டு செருகும் ஸ்லாட்டின் வகையைப் பாருங்கள்: மினி பிசிஐஇயா, எம்.2 கீ ஈயா? எம்டி7915 நல்ல சூடாகும், கரண்டும் கூடுதலாக இழுக்கும். ஹீட்சிங்க் ஒட்டாமல் விட்டாலோ, ஸ்லாட்டில் கரண்டு போதாவிட்டாலோ லோடு ஏறும்போது கார்டு அப்படியே காணாமல் போகும், லாகில் (சிஸ்டம் பதிவில்) 'மெசேஜ் டைம்அவுட்' வரிசையாக விழும்.

ஆன்டெனா வயரில் கவனம். மினி பிசிஐஇ கார்டில் பெரும்பாலும் யூ.எஃப்எல் முனை, எம்.2வில் அதைவிடச் சிறிய எம்ஹெச்எஃப்4. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. நேராக வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்துத் தள்ளினால் நடு ஊசி வளைந்துவிடும். யூ.எஃப்எல் முனை சுமார் 30 தடவை கழற்றி மாட்டத்தான் தாங்கும், அடிக்கடி கழற்றாதீர்கள்.

யூஎஸ்பி டாங்கிளை முதன்மை அக்சஸ் பாயின்ட்டாக வைக்காதீர்கள். மினி பிசி டிவி அலமாரிக்குள் இருக்கப் போகிறதென்றால் கார்டே வேண்டாம். ஓப்பன்டபிள்யூஆர்டி ஆதரிக்கும் சின்ன ரூட்டர் ஒன்றை வாங்கி, அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, லேன் போர்ட்டில் மினி பிசியிலிருந்து வரும் கேபிளைச் செருகி, வீட்டின் நடுவில் மாட்டுங்கள்.