ஆராய்ச்சியாளர்கள் பொதுமக்களிடம் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசுவதால் உண்மையில் பயன் உண்டா?

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறீர்கள், துறையில் பொது உரை ஒன்று நிகழ்த்தச் சொல்கிறார்கள், நேரம் வீணாகுமோ, எளிமையாகச் சொன்னால் விஷயம் நீர்த்துப்போகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலை செய்வது நிலநடுக்க அலைகளில். கொஞ்ச காலமாகவே பொதுமக்களிடம் அதைப் பற்றிப் பேசிவருகிறேன்.

பயன் உண்டு. ஆனால் முடிவை மட்டும் அறிவித்துவிட்டு மேடையை விட்டு இறங்கும் உரையால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த முடிவுக்கு எப்படி வந்தோம், அது சரி என்று எதை நம்பிச் சொல்கிறோம் என்பதைத் திறந்து காட்டினால்தான் கேட்பவர் மனதில் நிற்கும்.

என் துறையில் எந்த அரங்குக்குப் போனாலும் முதல் கேள்வி, "அடுத்த நிலநடுக்கம் எப்போ வரும்?" நாளும் நேரமும் குறித்துச் சொல்ல இன்று யாராலும் முடியாது. அதைச் சொல்லி அதோடு நிறுத்தினால் கேட்டவர் முகம் வாடிவிடும். அதனால் கையோடு ஒரு ஸ்லிங்கி சுருள்கம்பி கொண்டுபோவேன். கூட்டத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்வேன். நீளவாக்கில் ஒரு தள்ளு தள்ளினால் சுருள்கள் நெருங்கியும் விலகியும் ஓடும். அது முதன்மை அலை. பக்கவாட்டில் உதறினால் கம்பி நெளிந்து ஓடும். அது இரண்டாம் அலை. இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் கம்பியில் தெரியாது, வாயால்தான் சொல்ல வேண்டும்: பூமியின் மேலோட்டில் முதன்மை அலை நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் போகும், இரண்டாம் அலை சுமார் 3.5 கிலோமீட்டர்.

ஒரு கூட்டத்தில் இதைக் காட்டியதும் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "மின்னல் அடிச்சதும் இடி கேக்குற வரைக்கும் எண்ணுவோமே, அது மாதிரியா தம்பி?" அதேதான். இரண்டு அலைகளும் வந்து சேரும் இடைவெளியை நொடியில் எடுத்து 8-ஆல் பெருக்கினால், பக்கத்து நிலநடுக்கங்களுக்குத் தோராயமான தூரம் கிடைத்துவிடும். 10 நொடி என்றால் 80 கிலோமீட்டர். உடனே ஒரு பையன், "தூரம் சரி, எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?" என்றான். அலைகளைப் பதிவுசெய்யும் மூன்று நிலையங்களைச் சுற்றி, அந்தந்த நிலையத்தின் தூரத்தையே ஆரமாக வைத்து வட்டம் போடுவதைப் பலகையில் வரைந்து காட்டினேன். மூன்று வட்டங்களும் சந்திக்கும் இடம்தான் நிலநடுக்கம் நடந்த இடம் என்று அவனே வந்து தொட்டுக் காட்டினான். அப்புறம் முன்னெச்சரிக்கைக் கருவிகளைப் பற்றிச் சொல்வது சுலபமாகிவிட்டது. முதலில் வரும் அலையைப் பிடித்துவிட்டால், பலமாக உலுக்கும் அலை வருவதற்குள் சில நொடிகளாவது கிடைக்கும். ரயிலை மெதுவாக்க அது உதவும்.

இதில் எது நீர்த்துப்போனது? சமன்பாடு எழுதவில்லை, அவ்வளவுதான். தர்க்கம் முழுசாக அப்படியே இருந்தது, அதில் பாதியைக் கேட்டவர்களே சொன்னார்கள்.

இந்த உரைகள் யாரைப் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 1812-ல் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் பழகிக்கொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்கப் போனார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டே அங்கு உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-ல் மின்காந்தத் தூண்டலை, அதாவது காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் உண்டாவதை, கண்டுபிடித்த அதே ஃபாரடே, அந்த நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் உரைத் தொடரை 19 முறை நடத்தினார். எரியும் ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே ஒரு தொடர் முழுவதும் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். சர் சி.வி. ராமன் 1968-ல் அகமதாபாத்தில் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேசினார். அண்ணாந்து பார்த்தால் போதும், ஆய்வகமே வேண்டாம் என்பதால்தான் அந்தத் தலைப்பையே எடுத்தார்.

பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணும் அளவுக்கு உரைகளை எண்ண மாட்டார்கள் என்பது உண்மை. இது மாற வேண்டும் என்று நான் அழுத்தமாகவே நினைக்கிறேன். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு என்றால் மக்களுக்குக் கணக்குச் சொல்லத்தானே வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-ல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேடு போட்டி, ஒரே ஸ்லைடோடு பேசப் பழக நல்ல பயிற்சி. ஆனால் "எப்படித் தெரியும்?" என்பதற்கு அந்த நேரம் போதாது. ஒரு மணி நேரம் கிடைத்தால் அரை மணி பேசுங்கள், மீதியைக் கேள்விக்கு விடுங்கள். கிராஃப் காட்டினால் படுக்கை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன என்று முதலில் சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் ஊகமாக இருப்பதையும் கலக்காதீர்கள். ஊகத்தைச் சொல்லும்போது, எந்தத் தரவு கிடைத்தால் அது தவறென்று ஒத்துக்கொள்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.