அமெரிக்க கன்ட்ரி (கிராமியப் பாணி) பாடல்களில் சின்ன ஊர் ஏக்கம் ஏன் இவ்வளவு அதிகம்?

ஊரிலேயே இருப்பவனுக்கு ஊர் ஏக்கம் வராது. கன்ட்ரி இசையைத் தூக்கி நிறுத்திய ரசிகர்களில் நிறையப் பேர் ஊரை விட்டுக் கிளம்பியவர்கள். இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பின்னும் கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா மலையூர்களிலிருந்து லட்சக்கணக்கானோர் டெட்ராய்ட், சிகாகோ பக்கம் ஆலை வேலைக்குப் போனார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரம் புகுந்து ஆட்களைக் குறைத்ததும் ஒரு காரணம்.

1963-இல் பாபி பேர் பாடிய 'டெட்ராய்ட் சிட்டி'யைக் கேளுங்கள். பாட்டில் வரும் ஆள் பகலில் கார் தயாரிக்கிறான், இரவானால் மதுக்கடை. அவன் போடும் கடிதங்களைப் படித்துவிட்டு, பிள்ளை அங்கே ஓகோவென்று இருப்பதாக வீட்டில் நினைக்கிறார்கள். அவனுக்கோ எப்போது ஊர் திரும்புவோம் என்று இருக்கிறது.

ஆனால் அந்த ஊர் சொர்க்கமாக இருந்ததா? கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் இதில் நேர்மையானவர். கிழக்கு டென்னசியில் 12 பிள்ளைகள் இருந்த ஏழை வீட்டில் பிறந்தவர். 1968-இல் அவர் பாடிய ஒரு பாட்டில், ஆலங்கட்டி மழை பயிரை அடித்துச் சாய்ப்பதைக் குடும்பமே அழுதுகொண்டு பார்த்து நிற்கிறது. அந்த நினைவுகளை எத்தனை பணத்துக்கும் விற்கமாட்டாராம். எத்தனை பணம் கொடுத்தாலும் திரும்பப் போய் வாழவும் மாட்டாராம்!

பிற்கால வானொலிப் பாடல்கள் பலவற்றில் இந்த இரண்டாம் பாதி காணாமல் போய்விட்டது. பிக்கப் வண்டியும் மண் சாலையும்தான் மிச்சம் (எனக்குச் சலிப்புத்தான்). அப்புறம் 2012-இல் பாடகி கேசி மஸ்கிரேவ்ஸ் வந்து, 21 வயதுக்குள் இரண்டு பிள்ளை பெறாவிட்டால் உன் கதி அவ்வளவுதான் என்கிற அதே ஊரைப் பாடினார்.